சூடு தெரியாத வலக்கால்

அன்புள்ள அண்ணை,

இன்று காலை பெட்டியை உடைத்தோம். மேலே கருவி, அதன் கீழே சுருட்டிக் கட்டிய கம்பிகள், எல்லாவற்றுக்கும் அடியில் தலையில் கம்பி ஒட்டுகிற பசைக் குழாய்கள். ஒரு குழாயின் மூடியைத் திருகியதுமே அந்த மணம் வந்தது. நான் உங்களை ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டி வந்து, மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த பழைய மூளையலை இயந்திரத்தில் உங்கள் தலையை இணைத்தேனே, அன்று வந்த அதே மணம். தலைமயிரில் ஒட்டியிருந்த பசையை விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சலூனுக்குப் போய்வந்த மாதிரி மணக்குது பிள்ளை, மனிசி என்ன விசேசம் எண்டு கேக்கப்போறா" என்று சொன்னீர்கள். அன்று நான் சிரித்தேன். இன்று மூடியை இறுக்கி வைத்துவிட்டு, களஞ்சியப் பொறுப்பாளர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக அதில் அச்சடித்திருந்தது. திகதி போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்து, ஏதாவது குறைகிறதா மிஸ் என்று கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். பட்டியலில் இருந்த எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

நீங்கள் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டுதான் பிறகு வேலையைத் தொடர்ந்தேன். நான் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகு முதல் விடுமுறைக்குப் பேசாலைக்கு வந்திருந்தேன். உங்களை எனக்கு முன்பே தெரியும். சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்கிக் குளிக்கப் போகிறவர், கடலுக்குள் வைத்து ஏதோ நடந்து கால் விழுந்தவர், கோயிலில் கடைசி வரிசை வாங்கில் தடியோடு இருப்பவர். அவ்வளவுதான். அன்று நீங்கள் படலையைத் திறந்துகொண்டு மெல்ல மெல்ல வந்தீர்கள். அம்மா கதிரையை இழுத்துப் போட்டா. நீங்கள் இருக்கவில்லை. நரம்பு படித்த பிள்ளை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், ஒரு விசயம் கேட்டுவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னீர்கள்.

"இந்த இடக்காலுக்குப் பலம் இல்லை. ஆனா சுட்டாத் தெரியும். வலக்காலுக்குப் பலம் இருக்கு. ஆனா சூடு தெரியேல்ல. ரெண்டு காலும் என்ர கால்தானே. ஏன் இப்பிடி?"

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் வலக்கால் பட்டு, தோல் கருகிய மணம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தீர்களாம். சாரத்தை உயர்த்தி அந்தத் தழும்பைக் காட்டினீர்கள். ஆறு வருடமாக எந்த டொக்டரைக் கேட்டாலும் நரம்பு பாதித்திருக்கிறது, விற்றமின் குளிசை போடுங்கள் என்பதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குளிசை வேண்டாம், ஏன் என்று சொன்னால் போதும் என்றீர்கள்.

நான் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முள்ளந்தண்டை வரைந்து காட்டினேன். காலுக்குப் பலம் கொடுக்கிற நரம்பு மூளையிலிருந்து இறங்கும்போதே பக்கம் மாறிவிடுகிறது. சூட்டைச் சொல்கிற நரம்போ முள்ளந்தண்டுக்குள் நுழைந்தவுடன் பக்கம் மாறி மேலே ஏறுகிறது. ஆகவே முள்ளந்தண்டின் இடது பாதியில் மட்டும் அடி விழுந்தால், பலம் இடக்காலில் போகும், சூடு வலக்காலில் போகும். நீங்கள் அந்தத் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தீர்கள். "அப்ப கடவுள் ரெண்டு காலுக்கும் பங்கு பிரிச்சுத்தான் குடுத்திருக்கிறார்" என்றீர்கள். அதன் பிறகுதான் கதிரையில் இருந்தீர்கள்.

இருந்தபடியே இரண்டாவது கேள்வியைக் கேட்டீர்கள். "கால் விழாமத் திரியிற பெடியளும் இருக்கிறாங்கள். ஒவ்வொரு நாளும் ஆழத்துக்குப் போய் வாறாங்கள். அவங்களுக்கும் உள்ளுக்க சின்னச் சின்னதா இப்பிடி அடி விழுந்திருக்குமோ? அவங்களுக்கே தெரியாம?"

எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் கடலில் குளிப்பவர்களை வைத்து அதை யாரும் பார்த்ததாக நான் அறியவில்லை. பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பார்க்கலாம் என்றேன். அவ்வளவு இலேசாகச் சொன்னேன் அண்ணை. அதன் பிறகு நான் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிய ஆய்வுத் திட்டம் முழுவதும் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

உங்களுக்கு நடந்ததை நீங்கள் ஒரே ஒருதரம்தான் முழுவதுமாகச் சொன்னீர்கள். அன்றைக்கு மூன்றாவது காற்றுச் சிலிண்டர் முடிந்து மேலே ஏறியிருக்கிறீர்கள். வள்ளத்தில் இருந்து ஒரு பீடி பற்றவைத்து முடிக்கவில்லை, வயிற்றைச் சுற்றிப் பட்டி இறுக்கியதுபோல் ஒரு வலி, பிறகு இரண்டு காலும் இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி முள்ளந்தண்டை அடிக்கும், திரும்ப இறங்கினால் குமிழி சுருங்கும். கூட வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். இன்னொரு சிலிண்டரைக் கட்டி உங்களைத் திரும்பவும் கடலுக்குள் இறக்கினார்கள். "கீழ போகக் கால் வருது பிள்ளை. மேல வரக் கால் போகுது. கீழேயே இருந்தா நான் நல்ல மனிசன்" என்று சொன்னீர்கள். காற்று முடியும்வரை கீழே இருந்திருக்கிறீர்கள். பிறகு மேலே வந்துதானே ஆகவேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பஸ்ஸில் வெள்ளாங்குளம் தாண்டும்வரை நான் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். தோலில் அளந்து சூட்டைக் கொடுத்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தலையில் ஒட்டிய கம்பிகளால் பதிவு செய்கிற ஒரு கருவி இருக்கிறது. அது வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் கடலுக்குப் போகிறவனை மூன்று மணித்தியாலம் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வா என்று கூப்பிட முடியாது. அந்த நேரம் பார்த்து விதை நிதிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். புதிதாக நியமனம் பெற்ற விரிவுரையாளர்களுக்கு, மூளை நரம்பு ஆய்வில் புதிய திட்டங்களைத் தொடங்குவதற்கு மட்டும். எனக்கென்றே எழுதியது போல் இருந்தது. உங்களுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். வந்துவிடுமா என்று கேட்டீர்கள். வந்திடும் அண்ணை என்றேன்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. ஆரம்பத் தரவுகள் போதாமையால் வருந்துகிறோம் என்று இரண்டு வரி. நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தொடங்குவதற்குப் பணம் கேட்டால் தொடங்கியதைக் காட்டு என்கிறார்கள் என்று கத்தினேன். கட்டுக்கரைப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தில் பிறந்து உங்களைக் கட்டி இந்த மணலுக்கு வந்த அக்காதான், மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு எழும்பி வந்து கேட்டா. "எங்கட ஊரில விதைநெல்லுக் குடுக்கேக்க வயல் இருக்கோ எண்டுதான் கேப்பினம். அறுத்ததைக் கொண்டுவந்து காட்டு எண்டு கேக்கமாட்டினமே?" அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி மேன்முறையீடாக அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. நான் அப்போது நல்ல பிள்ளை.

நீங்கள்தான் வழி சொன்னீர்கள். அவர்களுக்குத் தரவு வேண்டுமென்றால் கொடுப்போம், கருவி இல்லாவிட்டால் என்ன, ஐஸ் இருக்கிறது, சுடுதண்ணீர் இருக்கிறது என்றீர்கள். பங்குத்தந்தையிடம் கேட்டுக் கோயில் மண்டபத்தை எடுத்தீர்கள். மீன் கொம்பனியில் ஐஸ் வாங்கினீர்கள். நான் வெப்பமானியும், நிறுத்தற் கடிகாரமும், இசைக்கவையும் கொண்டுவந்தேன். இரண்டு தகரப் பேணி, ஒன்றில் குளிர்தண்ணீர், ஒன்றில் இளஞ்சூட்டுத் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேணியின் அடியைக் காலில் வைத்துச் சூடா குளிரா என்று கேட்பேன். நீங்கள் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினீர்கள். வர மறுத்தவர்களின் வீடுகளுக்கு ஓட்டோ பிடித்துப் போய் முற்றத்தில் நின்றீர்கள். நீங்கள் போய் நின்றால் அவர்களால் மறுக்க முடியாது. உங்கள் கால் உங்களுக்காகப் பேசியது.

மன்னார்த் தீவில் பார்த்து முடிந்த பிறகு பாலம் தாண்டித் தெற்கே முசலிப் பக்கம் போனோம். கொண்டச்சியில் றிஸ்வானின் வீட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருபத்தாறு வயது. மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, தனக்கு ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை, காய்ச்சல்கூட வந்ததில்லை என்று சொன்னான். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் பேணியை வைத்துக்கொண்டே வந்தேன். பாதத்தில் சரி. முழங்காலில் சரி. இடக்காலின் கண்டைச் சதையின் வெளிப்பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பேணியை வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சூடா குளிரா என்று கேட்டேன்.

"வைங்களேன் மிஸ், வச்சாத்தானே சொல்லலாம்" என்றான்.

பேணி அவன் காலில்தான் இருந்தது. அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தா. நீங்கள் சிரிக்கவில்லை. தடியை மாமரத்தில் சாத்திவிட்டு, அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அந்த இடத்தை உங்கள் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் எடுக்கிறாய், எப்படி ஏறுகிறாய் என்று கேட்டீர்கள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, இது என்ன மிஸ், நான் கடலை விடவேணுமா என்று கேட்டான். ஒரு பேணித் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் தொழிலை விடு என்று எப்படிச் சொல்வது? பழைய காயத்தின் வடுவாகவும் இருக்கலாம், தோலில் ஓடும் சின்ன நரம்பாகவும் இருக்கலாம், முள்ளந்தண்டாகவும் இருக்கலாம். கருவி இருந்தால் சொல்லலாம். கருவி வந்திடும் என்றேன்.

அந்தத் தரவுகளை வைத்து இரண்டாம் முறை விண்ணப்பித்தேன். அண்ணை, இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

இணை ஆய்வாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டேன். இணையத்தில் நிரப்புகிற படிவம் அது. பட்டம் என்று கேட்டது. வெறுமையாக விட்டேன், அடுத்த பக்கத்துக்குப் போகவிடவில்லை. நிறுவனம் என்று கேட்டது. வெளியிட்ட கட்டுரைகள் என்று கேட்டது. இருபத்திரண்டு வருடம் குளித்தவர் என்று எழுதிப் பார்த்தேன். சிவப்பில் எழுத்து வந்தது. துறையில் மூத்தவர் ஒருவர், பரவாயில்லை, என் பெயரைப் போடுங்கள், அது விண்ணப்பத்துக்கும் பலம் என்றார். அவர் மன்னாரை ஒருநாளும் கண்டதில்லை. கடைசித் திகதி அன்றுதான். உங்கள் பெயரை அழித்தேன், அவருடையதைப் போட்டேன், அனுப்பினேன். முழுவதும் சேர்த்து ஒரு நிமிடமும் எடுத்திராது.

பிரதி ஒன்றை அச்செடுத்து உங்களுக்குக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெருமைக்குத்தான் இருக்கவேண்டும். நீங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினீர்கள். ஆங்கிலம் வாசிக்கமாட்டீர்கள், ஆனால் உங்கள் பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் தெரியும். கடைசிப் பக்கம்வரை போய், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தீர்கள்.

"என்ர பேர் எங்க பிள்ளை?"

பங்கேற்பாளர்கள் என்ற பகுதியில் எல்லாரும் அடங்குவார்கள் அண்ணை, அதில் நீங்களும் இருக்கிறீர்கள் என்றேன்.

"ஓ" என்றீர்கள். "கூட்டத்தில ஒராள்."

தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னீர்கள். நான் படிவத்தைப் பற்றியும் சிவப்பு எழுத்தைப் பற்றியும் விளக்கிக்கொண்டே போனேன். ஓம், ஓம் என்று கேட்டீர்கள். அதன் பிறகு மூன்று கிழமை நான் எடுத்த எந்த அழைப்புக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. நாலாவது கிழமை நீங்களே எடுத்தீர்கள். வங்காலையில் ஒருவருக்கு நடை தடுமாறுகிறதாம், வந்து பாருங்கோ என்றீர்கள். பெயரைப் பற்றிய பேச்சு அதன் பிறகு நமக்குள் வரவேயில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பணம் கிடைக்கட்டும், அப்போது எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

நேர்முகத்துக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒருவர், இதை எலிகளில் செய்தால் இன்னும் சுத்தமான முடிவு கிடைக்குமே என்றார். இன்னொருவர், இது நரம்பியலா அல்லது சமூக சேவையா என்று கேட்டார். மற்றவர்கள் புன்னகைத்தார்கள். என் கூடப் படித்தவர்கள் வெளிநாடுகளில் வேலையில் சேர்ந்த நாளிலேயே ஆய்வுகூடத்துக்கான நிதியையும் கையில் வாங்குகிறார்கள், நான் இங்கே நின்று எலியை விட மனிதன் ஏன் முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். எலிகள் குடும்பம் காப்பாற்றக் கடலுக்குள் இறங்குவதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, மூத்தவரின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயருக்குத் தலையாட்டினார்கள்.

நிதி கிடைத்தது. நீங்கள் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தியதாக அக்கா சொன்னா. ஆனால் கிடைத்தது ஒரு கடிதம்தான் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. அறநெறிக் குழு ஒப்புதல் படிவத்தை மூன்று மொழியில் கேட்டது. திருத்தி அனுப்பக் குழுவின் ஆட்கள் மாறியிருந்தார்கள், புதியவர்கள் முதலிலிருந்து வாசித்தார்கள். பிறகு கருவிக்கு மூன்று கம்பனிகளிடம் விலை எடுக்கவேண்டும் என்றார்கள். நாட்டில் அந்தக் கருவியை விற்பவர் ஒரே ஒருவர். மற்ற இரண்டு விலையை நான் எங்கே எடுப்பது என்று எழுதிக் கேட்டேன். விதிமுறைப்படி மூன்று என்று பதில் வந்தது. அதைத் தீர்த்து முடிப்பதற்குள் ரூபாய் விழுந்தது. எனக்குத் தந்த நிதியில் அரைவாசிக் கருவிதான் வாங்கலாம் என்ற நிலை. பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது என்றார்கள்.

ஒவ்வொரு முறையும் நீங்கள் வள்ளத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்பீர்கள். "இப்ப எந்தத் துறையில நிக்குது எங்கட பெட்டி?" கந்தோரில் நிற்கிறது அண்ணை, வந்திடும் என்பேன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்த அந்த மாதங்களில் நீங்கள் அடிக்கடி எடுத்தீர்கள். எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, இப்போது கொண்டுவந்தால் ஒரு கிழமையில் எல்லாரையும் பார்த்து முடிக்கலாம் என்றீர்கள். அதைவிட நல்ல காலம் எங்களுக்கு வந்திருக்காது. நான் கந்தோருக்குப் போய் அழாத குறையாகக் கேட்டேன். அந்த மேசையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பெற்றோல் வரிசை, அவருக்கும் பிள்ளைகள். என் கோப்பு இன்னொரு கோப்புக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் வந்தது. பட்ட கடனை அடைக்க எல்லாரும் முன்னையைவிட ஆழத்துக்குப் போனார்கள்.

உங்களுக்கு உள்ளுக்குள் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. முள்ளந்தண்டில் அடிபட்டவர்களுக்குக் கால் மட்டும் பிரச்சினை இல்லை, சிறுநீர் தங்கும் சலப்பை ஒழுங்காக வேலை செய்யாது, கிருமி மேலே ஏறும் என்று ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். நீங்கள் இடைக்கிடை காய்ச்சல் என்று சொன்னபோது பனடோல் போட்டீர்களா என்றுதான் கேட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணை. உங்களைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்து எடுத்தீர்கள். குரல் மெலிந்திருந்தது. சுகம் எப்படி என்று கேட்டதற்கு, அதை விடுங்கோ என்றீர்கள். "றிஸ்வானை விட்டிடாதேங்கோ. பெட்டி வந்தால் அவன்தான் முதல் ஆள். எனக்கு முடிஞ்சுது, எனக்கு என்ன எண்டு தெரியும். அவனுக்குத் தெரியாது." அடுத்த கிழமை வாறன் என்றேன். அடுத்த கிழமை என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தந்த நிதியை ஏன் இன்னும் செலவழிக்கவில்லை என்று விளக்கம் சொல்ல. அதே நீள மேசைக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அம்மாவாக இருக்கும், பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். அம்மாதான். நீங்கள் போய்விட்டதைச் சொல்ல எடுத்திருக்கிறா.

அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். றிஸ்வானும் இன்னும் நாலு பேரும் கொண்டச்சியிலிருந்து வந்து வெளியே மணலில் நின்றார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பெட்டி அவர் இருக்கும்போதே வந்திருக்கவேண்டும் என்று ஏதோ சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபம் இல்லாமல்தான் சொன்னா.

"பெட்டி வராதது அவருக்குப் பெரிய கவலை இல்லைப் பிள்ளை. நீங்கள் ஒவ்வொரு தரமும் வந்திடும், வந்திடும் எண்டு சொன்னதுதான். வராது எண்டு சொல்லியிருந்தா வேற ஏதும் யோசிச்சிருப்பன் எண்டு சொல்லுவார்."

நான் கந்தோர்களைத் திட்டுகிறேன். இப்போதும் திட்டுகிறேன், இந்தக் கடிதம் முழுவதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு என்னைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத் திட்ட முடியவில்லை. அவர்கள் தாமதித்தார்கள். அந்தத் தாமதத்தை உங்களுக்கு நம்பிக்கையாகப் பொதி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தது நான்.

இடைக்கால அறிக்கையில் இணை ஆய்வாளர் இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். தகைமை என்ற இடத்தில், கேள்வியைக் கேட்டவர், பங்கேற்பாளர்களைச் சேர்த்தவர், முதல் சோதனைகளை ஒழுங்கு செய்தவர் என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். ஒரு எழுத்து மாற்றாமல் திரும்ப அனுப்பினேன். இன்னொருதரம் திருப்பினார்கள், மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தரம் திரும்பி வரவில்லை. ஏற்றுக்கொண்டார்களா, களைத்துவிட்டார்களா தெரியாது. மூத்தவர் என்னோடு இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. போன மாதம் இன்னொரு கடிதமும் வந்தது. நியமனம் பெற்று உரிய காலம் கடந்துவிட்டதால் இனி நான் விதை நிதிக்குத் தகுதியானவள் இல்லையாம். நான் தொடங்கவேயில்லை, தொடங்கும் காலம் முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்.

இறக்குமதித் தடை நீங்கி, குறைந்த பணத்தைப் பல்கலைக்கழகம் போட்ட பிறகுதான் பெட்டி வந்துசேர்ந்தது. இன்று பின்னேரம் கருவியை என் காலில் வைத்து, தலையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தேன். சுட்டது. திரையில் ஒரு சின்ன அலை எழும்பி இறங்கியது. இந்த அலைக்காகத்தான் நீங்கள் ஏழு வருடம் காத்திருந்தீர்கள். உங்கள் வலக்காலில் வைத்திருந்தால் கோடு நேராகவே போயிருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லலாம். அது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

ஆட்கள் என்னை ஆறுதலடையச் சொல்கிறார்கள். ஆறுதல் வரவில்லை. கோபம் இருக்கிறது, அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதோடு ஒன்றையும் விட்டுவிட்டேன். எனக்கு நிச்சயமில்லாத எதையும் வந்திடும் என்று யாருக்கும் சொல்வதில்லை. மாணவர்களுக்கும் சொல்வதில்லை. சிலருக்கு என்மேல் மனவருத்தம்.

கருவியைக் கழற்றி வைத்துவிட்டு றிஸ்வானுக்கு எடுத்தேன். அவன் மனைவி எடுத்தா, கடலால் இன்னும் வரவில்லை என்றா. இப்போது நாளைக்கு நாலு சிலிண்டராம். பொழுது சாயும் நேரம் அவனே திருப்பி எடுத்தான். பெட்டி வந்துவிட்டது, நீங்கள்தான் முதல் ஆள் என்று அண்ணை சொல்லியிருக்கிறார் என்றேன். இப்போதெல்லாம் அந்தக் காலில் முழங்காலுக்கு மேலும் சூடு சரியாகத் தெரிவதில்லை என்றான். பிறகு கேட்டான், இதைப் பார்த்தால் தனக்கு என்ன செய்யலாம், கடலை விட்டால் வேறு தொழிலுக்கு யாராவது ஏதாவது தருவார்களா என்று.

"எனக்குத் தெரியாது றிஸ்வான்" என்றேன். "உள்ளுக்க என்ன நடந்திருக்கு எண்டு பார்க்கலாம். பார்த்ததை அப்பிடியே சொல்லுவன். அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு உங்கட வீட்டு முற்றத்தில நிப்பன். அதுவரைக்கும் கடலுக்கு இறங்காதேங்கோ."

மூன்று நாள்தானே என்றான். இறங்கமாட்டன் என்று சொன்னான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை